விமோசனம் யாருக்கு?

(திருக்கடையூரில் விவசாயத் தொழிலாளர்களும் வாசகர்களும் கூடிய இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சரித்திர நாவல்களைப் பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பகலெல்லாம் சம்பா நடவில் சேற்றில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற உங்களிடம் ராஜா ராணிக் கதை பேசுவதா என்று முதலில் தயங்கினோம். அந்தத் தயக்கத்தைத் தீர்த்து வைத்தது ஒரு கேள்வி.

கேட்டவர் பக்கத்து ஊரில் சைக்கிள் பழுது பார்க்கும் தோழர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போனவர். 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததும் நூலகத்திலிருந்து ஐந்து பாகங்களையும் எடுத்து வந்து, கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் படித்து முடித்தார். முடித்துவிட்டு நம்மிடம் கேட்டார்: "ஏன் தோழர், இந்தக் கதைகள்லே எங்களை மாதிரி ஆளுங்க ஒண்ணு கெட்டவனா இருக்காங்க, இல்லேன்னா யாருக்காவது உசிரைக் கொடுத்துட்டுச் செத்துப் போறாங்க. சும்மா உசிரோட இருக்கிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாதா?"

தோழர்களே, இந்தக் கேள்விக்கு உடனே நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. நாமும் அந்த நாவல்களைப் பல முறை படித்தவர்கள்தாம். வர்க்கம் பார்த்தோம், ஜாதி பார்த்தோம், ராஜ பக்தியைக் கண்டித்தோம். இதை மட்டும் பார்க்கத் தவறினோம். ஆகவே இன்றைய பேச்சு அந்தத் தோழருக்கு நாம் தரவேண்டிய பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று சொல்லப்பட்ட பிள்ளை

முதலில் இந்த ஊரின் கதையிலிருந்தே ஆரம்பிப்போம். திருக்கடையூர் என்றால் மார்க்கண்டேயன் கதை. எமனைக் காலால் உதைத்த இடம் என்று எட்டு வீரட்டானங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். பதினாறு வயதோடு ஆயுள் முடிய வேண்டிய பிள்ளை என்றும் பதினாறாக ஆன கதை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தில் இன்னொரு பிள்ளை இருக்கிறான். அவனை யாரும் நினைப்பதில்லை. பிள்ளை இல்லாத மிருகண்டு முனிவர் தவம் இருக்கிறார். சிவன் தோன்றி, இரண்டில் ஒன்றைக் கேள் என்கிறார். ஒருவன் அழகும் அறிவும் பக்தியும் உள்ளவன், ஆனால் ஆயுள் பதினாறு. இன்னொருவனுக்கு ஆயுள் நூறு. அவன் எப்படிப்பட்டவன்? கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் அந்த இரண்டாவது பிள்ளைக்கு ஒரு பட்டியலே தருகிறார். அவனுக்குப் பேச்சு வராது, காது கேட்காது, கால் நடக்காது, கண் தெரியாது. தீராத நோய் வேறு. இவை போதாதென்று கெட்ட குணமும் அறிவுக் குறைவும்!

முனிவர் யோசிக்கவே இல்லை. பதினாறு வயதுக்காரனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கண் தெரியாதவன், கால் நடக்காதவன் என்றால் குணமும் கெட்டிருக்கும் என்று யார் சொன்னது? உடம்பில் உள்ள குறையையும் மனசில் உள்ள கோணலையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கும் வழக்கம் பழைய வழக்கம். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. வேண்டாம் என்று சொல்லப்பட்டதோடு அவன் கதை முடிந்தது. இன்று நாம் பேசப் போவது அந்தப் பெயரில்லாத பிள்ளையைப் பற்றித்தான்.

கல்கியின் ஊமை ராணி

கல்கி நமக்குத் தூரத்து மனிதர் அல்ல. 1899இல் இதே காவேரிக் கரைச் சீமையில், அன்று மாயூரம் என்று வழங்கிய மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், புத்தமங்கலத்தில் பிறந்தவர். தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வெளிவந்தபோது, படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க வீடே கூடி உட்கார்ந்து கேட்டது. தமிழ் ஜனங்களைப் பத்திரிகை படிக்க வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இதை மனமாரச் சொல்லிவிட்டே விமர்சனத்துக்குள் போகிறோம்.

அந்த நாவலின் நடுநாயகமான ரகசியம் என்ன? வாய் பேசாத, காது கேளாத மந்தாகினி. ஈழத்தை ஒட்டிய ஒரு தீவில் ஒதுங்கிய வாலிப சுந்தர சோழரைக் கரடியிடமிருந்து காப்பாற்றுகிறாள். இருவருக்கும் காதல் உண்டாகிறது. கப்பல் வருகிறது, இளவரசர் நாட்டுக்குத் திரும்புகிறார், மகுடம் சூடுகிறார். அவர் யார் என்று பின்னால் தெரிந்துகொண்ட மந்தாகினி கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் குதிக்கிறாள். அவள் இறந்துவிட்டாள் என்றே ராஜா நினைக்கிறார். அந்தக் குற்ற உணர்வு அவரை அரிக்கிறது. கால்கள் செயலற்றுப் படுக்கையில் கிடக்கிறார்.

மந்தாகினியோ உயிரோடு இருக்கிறாள். காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியை எடுத்துக் கொடுக்கிறாள். பின்னால் ஈழத்திலும் ஆபத்திலிருந்து அவரைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் தஞ்சை அரண்மனையில், சுந்தர சோழர் மேல் எறியப்பட்ட வேலைத் தன் உடம்பில் தாங்கிச் சாகிறாள்.

கணக்குப் பார்ப்போம். தகப்பனை ஒரு முறை, மகனை அடுத்தடுத்து, மறுபடி தகப்பனை என்று சோழ ராஜ குடும்பத்துக்கு அவள் கொடுத்தது எத்தனை உயிர்? அவளுக்குக் கிடைத்தது என்ன? காதலித்தவன் மடியில் சாவு! பாவம் செய்தவர் ராஜா. விமோசனம் பெற்றவரும் ராஜா. அதற்கு விலை கொடுத்தவள் மட்டும் ஓடக்காரர் குடும்பத்தில் பிறந்த, பேச்சில்லாத பெண்.

ராஜாவின் முடக்கத்துக்கும் இவளுடைய ஊமைத்தனத்துக்கும் நாவல் கொடுக்கும் அர்த்தத்தைக் கவனியுங்கள். சுந்தர சோழருக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. செயலற்ற கால்களும் அவற்றோடு சேர்ந்த மன வேதனையும் நாவலாசிரியர் தந்தவை. கால் போனது நோயினால் மட்டும் என்று கதை விடவில்லை. நெஞ்சில் உறுத்தும் பழைய பாவத்தோடு அதை முடிச்சுப் போடுகிறது. வியாதியைப் பாவத்தின் தண்டனையாகப் பார்க்கும் பழைய கண்தான் இது. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் தாயிடம், 'போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தாயோ' என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணும் அதுதான்.

'பார்த்திபன் கனவு' கல்கியின் முதல் சரித்திர நாவல். அதில் நரபலி கேட்டுத் திரியும் கபால பைரவருக்கு ஒற்றைக் கை. மக்களை அச்சுறுத்த அந்த ஒற்றைக் கையே போதும் என்று கதை நினைக்கிறது. ஆக, சைக்கிள் கடைத் தோழர் சொன்னது சரி. ஒன்று கெட்டவன், அல்லது தியாகி.

ஆனால் ஒருவர் இருக்கிறார்!

தோழரின் கேள்விக்கு ஒரு பதிலும் அதே நாவலிலேயே இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கல்கிக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

மந்தாகினி ஊமையே தவிர மௌனி அல்ல. ஈழத்துப் பழைய மாளிகைச் சுவரில் தன் வாழ்க்கையைச் சித்திரமாக வரைந்து வைத்திருக்கிறாள். அருள்மொழி விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். காது உள்ளவர்களின் அரண்மனையில் யாரும் வாய் திறந்து சொல்லாத உண்மையை அந்தச் சுவர் சொல்லிவிடுகிறது. பேச்சு என்பது நாக்கில் மட்டும் இல்லை என்று ஓர் ஆசிரியர் லட்சோபலட்சம் வாசகர்களுக்குக் காட்டினார். அது சிறிய காரியமா?

இன்னும் ஒருத்தி உண்டு. தஞ்சாவூரில் பூந்தோட்டம் வைத்து, கோயிலுக்குப் புஷ்பம் கட்டிக் கொடுத்துப் பிழைக்கும் வாணி. சேந்தன் அமுதனை வளர்த்த தாய். அவளும் வாய் பேசாதவள், காது கேளாதவள். ராஜ குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தை இறந்து பிறந்ததாக எண்ணி, புதைத்துவிடும்படி அவளிடம் கொடுக்கிறார்கள். அவள் உயிர் இருப்பதைக் கண்டு எடுத்து வளர்க்கிறாள். அந்தக் குழந்தைதான் சேந்தன் அமுதன். நாவலின்படி பிற்பாடு உத்தம சோழராக மகுடம் சூடுகிறவனும் அவனே.

இதை நாம் இப்படி வாசிக்கிறோம்: காது உள்ளவர்கள் குழந்தையின் அழுகுரலுக்குக் காத்திருந்தார்கள். குரல் கேட்கவில்லை. செத்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். காது கேளாத வாணியோ ஒரு நாளும் குரலை நம்பி வாழ்ந்தவள் அல்ல. அவள் கண்ணால் பார்த்தாள், கையால் தொட்டாள். உயிர் தெரிந்தது. ஊனம் என்று உலகம் சொன்னதே அங்கே ஓர் உயிரைக் காத்தது.

வாணி வேல் தாங்கிச் சாகவில்லை. மாலை கட்டினாள், பிள்ளை வளர்த்தாள், வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டாள். தோழர் கேட்ட 'சும்மா உசிரோட இருக்கிற ஆள்' இவள்தான். ஆனால் கதையின் வெளிச்சம் இவள் மேல் அதிகம் விழுவதில்லை. வெளிச்சமெல்லாம் சாகப் போகிறவளுக்கே! 2022, 2023இல் வந்த இரண்டு படங்களிலும் நந்தினியாக நடித்த நட்சத்திரமே மந்தாகினியாகவும் வந்தார். வாணியைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்?

அதே வருஷங்களில் அதே மண்ணில்

அந்த நாவல் வெளிவந்த 1950–54 காலத்தில் இந்தத் தஞ்சை ஜில்லாவில் நடந்துகொண்டிருந்தது என்ன? 1943 முதல் பி. சீனிவாசராவும் மற்றத் தோழர்களும் கீழத்தஞ்சைச் சேரிகளில் செங்கொடியை ஏற்றினார்கள். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்கள் நிமிர்ந்து நின்றார்கள். அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தில்தான் 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பத்திரிகையில் சோழனின் பொன் மாளிகை எழும்பிக்கொண்டிருந்த அதே வாரங்களில், வரப்பில் அடிபட்டு எலும்பு முறிந்தவர்கள் மருந்துக்கு வழியில்லாமல் கிடந்தார்கள்.

உடற்குறை வானத்திலிருந்து விழுவதில்லை. பிறவியில் வருவது உண்டு, நோயில் வருவது உண்டு. ஆனால் மிராசு அடியில் வந்தது எவ்வளவு? பனையிலிருந்து விழுந்து வந்தது எவ்வளவு? கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்கி வந்தது எவ்வளவு? தடுப்பு மருந்து நேரத்தில் கிடைக்காமல் வந்தது எவ்வளவு? இளம்பிள்ளை வாதத்தைப் பாருங்கள். சாபம் என்றார்கள், கர்மம் என்றார்கள். வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுத்ததும் அது ஓடிவிட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்த வைரஸ் பரவிப் புதிதாக ஒரு குழந்தைகூட முடமானதாகப் பதிவாகவில்லை. 2014இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு சொட்டு மருந்தில் ஓடிப்போவதற்குப் பெயர் கர்மமா?

இந்த மண்ணைப் பற்றி எழுதிய நவீன நாவலும் அதே பழைய பள்ளத்தில் விழுந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் சாகித்ய அகாதமி பரிசும் கிடைத்தது. அதில் பண்ணையாரின் கொடூரத்துக்குப் பின்னால் அவனுடைய ஆண்மைக் குறைவு வைக்கப்பட்டது. இடதுசாரி விமர்சகர்கள் அன்றே கண்டித்தார்கள்: அரைப்படி நெல் கூலி உயர்வுக்காக நடந்த வர்க்கப் போராட்டத்தை ஒருவனின் உடற்குறையாகச் சுருக்கலாமா என்று கேட்டார்கள். சரியான கண்டனம். இன்னொன்றையும் நாம் அன்றே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உடம்பில் குறையுள்ளவன் கொடியவனாக இருப்பான் என்பது குறையுள்ள எல்லோர் மேலும் போடப்பட்ட பழி. கச்சியப்பர் கட்டிய அதே மூட்டை இருபதாம் நூற்றாண்டில் வேறு துணியில் வந்தது.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

'அது சரித்திர காலம், அப்படித்தான் இருந்திருக்கும்' என்று சிலர் சமாதானம் சொல்லலாம். சரித்திரத்தையே கேட்போமே!

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே திருப்பதியம் பாடுவதற்குக் கண் தெரியாதவர்கள் 16 பேரை அமர்த்தினார்கள். அவர்களுக்கு வழிகாட்ட 'கண்காட்டுவார்' இருவர். எல்லோருக்கும் ஜீவனத்துக்கு ஏற்பாடு.

தோழர்களே, இதை அசட்டையாகக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். மார்க்கண்டேயனுக்கு வருஷம் பதினாறு. இங்கே கண் தெரியாத ஆட்கள் பதினாறு. புராணம் அவர்களை வேண்டாம் என்றது, கல்வெட்டு வேலைக்கு வைத்துக்கொண்டது! வேலை மட்டுமா? உதவிக்கு ஆள் வேண்டும் என்பதும், அந்த உதவியும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்பதும் அன்றைக்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலையும், வைத்தியருக்கும் பணிப்பெண்களுக்கும் சம்பளமும் குறித்திருக்கிறார்கள்.

இதனால் சோழராட்சியைப் பொற்காலம் என்று கொண்டாடுகிறோம் என்று யாரும் தப்பாக எண்ண வேண்டாம். கோயில் பெரிய நிலச்சுவான்தாராக இருந்தது. அந்தப் படுக்கைகள் சேரிக்கு விரிக்கப்படவில்லை. நாம் சொல்வது இவ்வளவுதான்: சரித்திரத்தில் இருந்த அந்தப் பதினாறு பாடகர்களும் நம் சரித்திர நாவல்களில் கதாநாயகர் ஆகவில்லை. கல்வெட்டில் கூலி இருக்கிறது. நாவலில் கண்ணீர்தான் இருக்கிறது.

வெளி உலகம்

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் அல்ல. சரித்திர நாவல் என்ற வகைக்கே தகப்பன் என்று சொல்லப்படும் ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் ஸ்காட், குழந்தையிலேயே நோய் கண்டு வலது கால் ஊனமானவர். வாழ்நாள் பூராவும் நொண்டி நடந்தவர். அவரே 1816இல் 'கறுப்புக் குள்ளன்' என்று ஒரு நாவல் எழுதினார். உருவம் கோணிய மனிதன், ஊருக்கெல்லாம் பயம். கடைசியில் நல்லவன் என்று தெரிகிறது, ஒரு பெண்ணுக்கு நன்மை செய்கிறான், பிறகு யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடுகிறான்! சொந்தக் கால் ஊனமாயிருந்தும் கதையின் பழைய சட்டத்தை ஸ்காட்டால் உடைக்க முடியவில்லை. 1831இல் விக்டர் ஹ்யூகோ பாரிஸ் மாதா கோயில் மணியடிக்கும் கூனனைப் படைத்தார். மணியோசையிலேயே செவிடானவன் அவன். அரசும் மதமும் அந்த ஏழைக்கு இழைத்த கொடுமையை ஹ்யூகோ தோலுரித்தார். ஆயினும் அந்தக் கூனனும் காதலித்தவளின் பிணத்தருகே செத்தே தீரவேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்தை உடைத்தவர் யார்? கண் தெரியாத, படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு தொழிலாளி. நிக்கொலாய் ஒஸ்த்ரோவ்ஸ்கி. தமிழில் 'வீரம் விளைந்தது' என்று வந்த நாவலின் ஆசிரியர். உள்நாட்டு யுத்தத்தில் காயம்பட்டு, முதுகெலும்பு நோயில் உடம்பு இறுகி, கண்ணும் போன பிறகு, அட்டையில் வரிவரியாக வெட்டிய சந்துக்குள் பென்சிலை ஓட்டி எழுதினார். கை ஓய்ந்தபோது சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1932 முதல் 1934 வரை அது பத்திரிகையில் வெளிவந்தது. 1936இல் 32 வயதில் அவர் மறைந்தார். ஆனால் அவருடைய கதாநாயகன் பாவெல் கடைசிப் பக்கத்தில் சாகவில்லை. எழுதிய நாவல் ஏற்கப்பட்டது என்ற செய்தியோடு வேலைக்குத் திரும்புகிறான்.

1946இல் போரிஸ் பொலெவாய் எழுதிய 'உண்மை மனிதனின் கதை'யும் அப்படித்தான். இரண்டு கால்களையும் இழந்த விமானி மரேஸ்யேவ் மறுபடி விமானம் ஓட்டினார். அது நடந்த சம்பவம்.

இந்தப் புத்தகங்கள் நம் தலைமுறைக்கு ரத்தம் ஊட்டியவை. ஆயினும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மறுபடி பறக்க முடிந்தவன் உண்மை மனிதன் என்றால், பறக்க முடியாதவன் யார்? புத்தகம் எழுத முடியாதவன், படுக்கையிலேயே கிடப்பவன், புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளை — இவர்கள் உண்மை மனிதர்கள் இல்லையா? தியாகம் செய்தால்தான் மதிப்பு என்றது பழைய கதை. சாதனை செய்தால்தான் மதிப்பு என்று நாம் மாற்றிச் சொன்னால் அது பாதி விமோசனம். மார்க்ஸ் 1875லேயே இதற்கு வழி காட்டியிருக்கிறார். எதிர்காலச் சமுதாயத்தில் ஒருவன் தன்னால் இயன்றதைத் தருவான், தனக்கு வேண்டியதைப் பெறுவான் என்றார். பெறுவதற்கு முன்னால் வேலை செய்து நிரூபித்துக் காட்டு என்று அங்கே நிபந்தனை இல்லை.

நம் வாயிலும் இருக்கிறது

சுயவிமர்சனம் இல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது. நம் சுவரொட்டிகளைப் பாருங்கள். 'செவிட்டு அரசே', 'குருட்டுச் சட்டமே', 'முடமான நிர்வாகமே' என்று எழுதுகிறோம். அரசுக்கு நன்றாகக் காது கேட்கிறது, தோழர்களே! முதலாளி மெல்லச் சொன்னால்கூடக் கேட்கிறது. நம் குரல் கேட்டும் கேளாமல் இருக்கிறது. அது அயோக்கியத்தனம், செவிட்டுத்தனம் அல்ல. காது கேளாத நம் தோழரை எதற்காக அந்த அயோக்கியனோடு சேர்க்க வேண்டும்? நம் மேடை நாடகங்களிலும் சுரண்டப்பட்ட ஏழையைக் காட்ட ஒரு கோல் ஊன்றிய ஆளை நிறுத்துகிறோம். அவர் வசனம் பேசுமுன் செத்துப் போகிறார். திரை விழுகிறது. மந்தாகினிக்குக் கல்கி செய்ததை நாமும் செய்கிறோம்.

தியாகத்தை நாம் இழிவுபடுத்தவில்லை. பக்கத்துத் தில்லையாடி வள்ளியம்மை தென்னாப்பிரிக்கச் சிறையில் நோய் கண்டு, 1914இல் பதினாறு வயதில் உயிர் நீத்தாள். அது அவள் தானே தேர்ந்தெடுத்த பாதை. மறுபடியும் சிறை செல்லத் தயார் என்று தன் வாயால் சொன்னாள். போராளி தானே செய்யும் தியாகம் வேறு. இவளுக்கு வேறு முடிவு கிடையாது என்று கதைக்காரன் ஒருத்தி தலையில் எழுதும் தியாகம் வேறு.

நூறு வயது

இந்த ஊருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். சந்நிதித் தெருவில் நின்று அவர்களைப் பார்த்திருப்பீர்கள். எண்பது வயதுப் பெரியவர் கோலூன்றி, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். பாட்டிக்குக் கண் மங்கல். ஐயர் சொல்வது காதில் விழாமல் மகள் காதருகே குனிந்து சொல்கிறாள். அவர்கள் கேட்டு வந்தது நீண்ட ஆயுள். ஆயுளோடு என்ன வரும்? கால் தளரும், கண் மங்கும், காது மந்தமாகும், நோய் சேரும். கச்சியப்பர் பட்டியலில் உள்ள பிள்ளை அப்படியே வந்து நிற்கிறான்!

மிருகண்டு வேண்டாம் என்று சொன்ன அந்த நூறு வயதுப் பிள்ளை வேறு யாரும் அல்ல. நீண்ட நாள் வாழ்ந்தால் நீங்களும் நாமும்தான். அவனுக்கு இடம் இல்லாத கதையில் கடைசியில் யாருக்கும் இடம் இல்லை.

2011 ஜனத்தொகைக் கணக்கு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் காட்டியது. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, சர்க்கார் வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கச் சட்டம் இயற்றியது. இவை யாரும் பிச்சையாகப் போட்டவை அல்ல. வீதியில் சக்கர நாற்காலியோடும் ஊன்றுகோலோடும் உட்கார்ந்து போராடி, கைதாகி, மறுபடி வந்து உட்கார்ந்து பெற்றவை. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்துப் படி இன்னும் படியாகவே இருந்தால் அதை இடித்துச் சாய்வுப் பாதை போட வைக்கும் வேலை நம்முடையது.

நடவு வயலில் நாம் கண்ட ஒரு தாயைச் சொல்லி முடிக்கிறோம். அவருக்குக் காது கேட்காது. மற்றவர்கள் பாட்டுப் பாடி நடுகிறார்கள். பாட்டு அவருக்கு எட்டாது. பக்கத்தில் நிற்பவளின் தோள் அசைவைப் பார்த்தே வரிசை பிசகாமல் நட்டுக்கொண்டு போகிறார். நாற்று முடி வேண்டுமென்றால் கைஜாடை. கரையேறியதும் எல்லோருக்கும் என்ன கூலியோ அதே கூலி. ஒரு ரூபாய் குறைக்கப் பார்த்த நாளில் அந்த வரிசை முழுவதும் வயலில் இறங்க மறுத்து நின்றதாம்.

அந்தத் தாய் யாருக்காகவும் வேல் தாங்கவில்லை. யாருடைய பாவத்தையும் கழுவவில்லை. வேலை செய்கிறார், கூலி வாங்குகிறார், சாயங்காலம் பேரப் பிள்ளைக்குச் சோறூட்டுகிறார். இந்த வாழ்க்கையை எழுதுங்கள், வாலிபத் தோழர்களே! சரித்திர நாவல் எழுத ஆசை இருந்தால் திருவாமாத்தூர்ப் பதினாறு பேரை எழுதுங்கள். அவர்கள் காதலித்ததை எழுதுங்கள், கூலிக்குச் சண்டை போட்டதை எழுதுங்கள், கண்காட்டுவாரோடு கேலி பேசிச் சிரித்ததை எழுதுங்கள். கடைசி அத்தியாயத்தில் அவர்களைக் கொன்றுவிடாதீர்கள்.

சைக்கிள் கடைத் தோழர் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாக்கியில் ஒரு பகுதியைத்தான் இன்று தீர்த்திருக்கிறோம். மீதியைத் தீர்க்க வேண்டியவர்கள் நீங்கள். அவர் படிக்கப் போகும் அடுத்த புத்தகத்தில் அவரும் உயிரோடு இருக்கட்டும். நூறு வயது இருக்கட்டும்!